மாயவரம்–தரங்கம்பாடி பாதையை எந்த விளையாட்டில் போடுவது? ரயில் சிமுலேட்டர் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கணினியில் ரயில் ஓட்டும் அன்பர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் கும்பகோணத்தில் நாம் கூடியபோது, 1926-இல் திறக்கப்பட்டு 1980-களில் நிறுத்தப்பட்ட மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை)–தரங்கம்பாடி கிளைப்பாதையைக் கணினியில் மறுபடி போடவேண்டும் என்பதில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எந்த விளையாட்டில் போடுவது என்ற பேச்சு எடுத்ததும் ஆளுக்கொரு பெயர் சொன்னோம்; காபி ஆறிப்போனதுதான் மிச்சம். அன்று எனக்குப் பேச வாய்ப்பு அமையவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த விளையாட்டுகளோடு மல்லுக்கட்டியவன் என்ற உரிமையில், நிதி திரட்டத் தொடங்குவதற்கு முன் சிலவற்றை எழுத்தில் வைக்கிறேன்.

அன்று நடந்த ஒப்பீடு முழுவதும் படத்தின் அழகைப் பற்றியதாகவே இருந்தது. எதில் மழைத்துளி கண்ணாடியில் வழிகிறது, எதில் நிழல் சரியாக விழுகிறது என்று பேசினோமே தவிர, நம் பாதைக்கு என்ன தேவை என்று ஒருவரும் கேட்கவில்லை. நம் பாதையின் முதல் இயல்பு, அது சமதளத்தில் ஓடுவது. பக்கத்துப் பாதையின் கணக்கே இதைக் காட்டும். கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வரையும் அடுத்த ஆண்டு திருச்சிராப்பள்ளி வரையும் தண்டவாளம் போட்டபோது, ஏறக்குறைய 130 கிலோமீட்டர் தொலைவுக்கு அது ஏறவேண்டியிருந்த உயரம் 80 மீட்டர் அளவுதான். சராசரி பார்த்தால் ஆயிரத்து அறுநூறு அடிக்கு ஓரடி. இதை வெளிநாட்டு விளையாட்டுகள் விரும்பி எடுத்துக்கொண்ட பாதைகளோடு வைத்துப் பாருங்கள். 2001-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ட்ரெயின் சிமுலேட்டரில் ஆறு வழித்தடங்கள் இருந்தன. அவற்றில் அமெரிக்காவின் மரியாஸ் கணவாய், ஆஸ்திரியாவின் ஆர்ல்பெர்க், இங்கிலாந்தின் செட்டில்–கார்லைல், ஜப்பானின் ஹிசாட்சு ஆகிய நான்கும் மேட்டுநிலப் பாதைகள். ஏற்றத்தில் சக்கரம் வழுக்குகிறதா, இறக்கத்தில் வண்டி கட்டுக்குள் நிற்கிறதா என்பவையே அங்கே விளையாட்டின் உயிர். இவற்றை வைத்து மதிப்பெண் போடுகிறவர்களின் அளவுகோல் நமக்குப் பாதிதான் பயன்படும்.

நமக்குள்ள கடினம் வேறு. ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒரு நிலையம், இடையில் வாய்க்கால் பாலங்கள், ரயில்வே கேட்டுகள், எஞ்சினுக்குப் பின்னால் வெற்றிட பிரேக் பூட்டிய மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாள) பெட்டிகள். இந்தப் பாதையில் ஓட்டுநரின் திறமை ஏறுவதில் தெரியாது, நிறுத்துவதில்தான் தெரியும். வெற்றிட பிரேக்கில், ரயில் நெடுகச் செல்லும் குழாயிலிருந்து எஜெக்டர் என்ற உறிஞ்சுகருவி காற்றை உறிஞ்சி வைத்திருக்கும். காற்றை உள்ளே விட்டால் பிரேக் பிடிக்கும், மறுபடி உறிஞ்சினால்தான் விடும். உறிஞ்சுவதற்கு நேரம் பிடிக்கும் என்பதால், அவசரப்பட்டு அழுத்திவிட்டு உடனே விடுவித்துக்கொள்ள முடியாது. ஓட்டுநர் கண் முன்னால் வெற்றிட அளவியின் முள் 21 அங்குலத்திற்கு மெல்ல ஏறிக்கொண்டிருக்கும்போது பிளாட்பாரம் நழுவிப்போய்க்கொண்டிருக்கும்.

இதைச் சோதித்துப் பார்க்க, தட்டையான ஒரு தடத்தில் ஐந்து பெட்டிகளோடு ஒரு நீராவி எஞ்சினை ஓப்பன் ரெயில்ஸ் என்ற இலவசச் சிமுலேட்டரில் ஓட்டினேன். முதல் இரண்டு முறையும் நிலையத்தைத் தாண்டி ஒரு பெட்டி நீளம் போய் நின்றேன். மூன்றாம் முறை பயந்து முன்னதாகவே பிடித்ததில், கடைசி இரண்டு பெட்டிகள் பிளாட்பாரத்துக்கு வெளியே நின்றன. அன்று இரவே ட்ரெயின்ஸ் விளையாட்டின் எளிய கட்டுப்பாட்டு முறையில் அதே போன்ற வண்டியை ஓட்டியபோது, ஆட்டோ ரிக்ஷாவைப் போல முதல் தடவையே சொன்ன இடத்தில் நின்றது. ட்ரெயின்ஸில் ஓட்டுநர் அறை முறையும் இருக்கிறது, அதில் இன்னும் கவனமாக ஓட்டவேண்டியிருக்கும் என்பதையும் சொல்லிவிடவேண்டும். இல்லையென்றால் அநியாயம் செய்தவனாவேன். ஆனால் ஓப்பன் ரெயில்ஸில் எஜெக்டரின் வேகம் எவ்வளவு, குழாயில் கசிவு எவ்வளவு என்பதையெல்லாம் எஞ்சின் கோப்பில் எண்ணாகவே எழுதி வைக்கலாம். பழைய எஞ்சின் ஒன்று எப்படி முக்கி முனகியது என்று நினைவுள்ள ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல அந்த எண்களைத் திருத்தலாம். இந்த வாய்ப்பைவிடப் பெரிய காரணம் எனக்கு வேறு தோன்றவில்லை.

ட்ரெயின்ஸின் பக்கம் நின்று பேசியவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஆரன் நிறுவனம் 2001-இல் வெளியிட்ட விளையாட்டு அது. இன்று என்3வி கேம்ஸ் அதைத் தொடர்ந்து நடத்துகிறது. தண்டவாளத்தைக் கோலம் இழுப்பதுபோல மவுஸால் வளைத்து இழுத்துக்கொண்டு போகலாம். மைக்ரோசாஃப்ட் வழிவந்த ஓப்பன் ரெயில்ஸ் முறையிலோ, குறிப்பிட்ட நீளமும் வளைவும் உள்ள துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திச் செல்லவேண்டும். அந்தத் துண்டுகளும் 1435 மில்லிமீட்டர் அகலத்தவை என்பதால், மீட்டர் கேஜுக்கு வேறு துண்டுகளை நாமே செய்யவேண்டும், அல்லது செய்து வைத்திருப்பவரிடம் அனுமதி கேட்டு வாங்கவேண்டும். ட்ரெயின்ஸில் சரக்கை ஏற்றி இறக்கும் வசதியும் உண்டு. 42 மூடிய வேகன்களில் ஏறத்தாழ 2000 டன் நெல்லை ஏற்றிக்கொண்டு தஞ்சாவூரிலிருந்து வெளிமாவட்டங்களுக்குப் புறப்படும் சரக்கு ரயிலை, வேகன் வேகனாக நிரப்பி அனுப்பும் விளையாட்டாக அமைக்க விரும்புகிறவர்கள் ட்ரெயின்ஸைத்தான் எடுக்கவேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நம் கிளைப்பாதைக்கு அந்த வசதி அவ்வளவு தேவைப்படாது.

எந்த விளையாட்டை எடுத்தாலும் நம்மைக் காத்திருக்கும் தொல்லை ஒன்று உண்டு; அன்று அதைப் பற்றி யாருமே பேசவில்லை. நில உயரத்தை நாம் கையால் அமைக்கப்போவதில்லை. 2000-ஆம் ஆண்டு அமெரிக்க விண்வெளி ஓடம் ரேடாரால் அளந்த தரவைத்தான் பெரும்பாலோர் இறக்கிக்கொள்கிறார்கள். மலைநாட்டுக்கு அந்தத் தரவு பொன். நம் பகுதிக்கு அது வம்பு. ரேடார் வெறும் மண்ணை மட்டும் அளப்பதில்லை, மரத்தின் தலையையும் சேர்த்து அளக்கிறது. சில மீட்டர் பிழை ஆல்ப்ஸில் கண்ணுக்கே தெரியாது. மொத்த நிலமும் கிலோமீட்டருக்கு ஓரடி இரண்டடி சரியும் இடத்தில், தென்னந்தோப்பு ஒவ்வொன்றும் குன்றாகவும் நடுவிலிருக்கும் வயல் பள்ளத்தாக்காகவும் ஆகிவிடும். செம்பனார்கோயில் பக்கம் நான் ஒரு சதுரத்தை இறக்கிப் பார்த்தபோது, காவிரிப்பூம்பட்டினத்துச் சாலை ஏற்காட்டுக்குப் போவதுபோல இருந்தது. ஆகவே தரவை இறக்கிய கையோடு பாதையின் இருபுறமும் நிலத்தைத் தட்டையாக்கி, கரை மட்டத்தையும் வாய்க்கால் மட்டத்தையும் நேரில் பார்த்து எழுதிய குறிப்பிலிருந்து சரிசெய்யும் வேலைக்கு இரண்டு பேரைத் தனியாக ஒதுக்கவேண்டும்.

இளைஞர்கள் பலர் விரும்பும் ட்ரெயின் சிம் வேர்ல்டைப் பற்றி நான் குறை சொல்லப்போவதில்லை. டவ்டெய்ல் கேம்ஸ் நிறுவனம் அன்ரியல் எஞ்சின் என்ற விளையாட்டு உருவாக்க மென்பொருளைக் கொண்டு 2017 முதல் வெளியிட்டுவரும் அந்த வரிசையில், ஓட்டுநர் அறையிலிருந்து இறங்கிப் பிளாட்பாரத்தில் நடந்து போகலாம். ஒவ்வொரு பொத்தானையும் தனித்தனியே அழுத்தி எஞ்சினை உயிர்ப்பிக்கும் இன்பம் வேறெங்கும் இவ்வளவு நிறைவாகக் கிடைக்காது. ஓட்டிப் பழகுவதற்கு அதை வாங்குங்கள், நானும் வைத்திருக்கிறேன். பாதை போடுவதற்கு அது வேண்டாம் என்பதே என் வாதம். பொதுப் பயனருக்கான உருவாக்கக் கருவி 2023-இல்தான் வந்தது. அதை வைத்து வேலை செய்ய வலுவான கணினி வேண்டும். நம்மில் பாதிப்பேரிடம் இருப்பதோ அலுவலக வேலைக்கு வாங்கிய மடிக்கணினி. 2007-இல் ரெயில் சிமுலேட்டராகப் பிறந்து இன்று ட்ரெயின் சிமுலேட்டர் கிளாசிக் என்று அழைக்கப்படும் அதன் மூத்த உடன்பிறப்பில் பாதை போடலாம்தான். ஆனால் நாம் ஒரே ஒரு மரத்தைக் காசு கொடுத்து வாங்கிய பொதியிலிருந்து எடுத்து நட்டாலும், நம் பாதையை ஓட்டுகிறவர் அந்தப் பொதியையும் வாங்கியாகவேண்டும். நூற்றுக்கணக்கில் துணைப்பொதிகள் உள்ள விளையாட்டில் இது சிறிய கண்ணி அன்று.

இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்பிவிஇ-யை ஒருவர் மெதுவாகச் சொன்னார், மற்றவர்கள் சிரித்தார்கள். சிரித்திருக்கவேண்டியதில்லை. ஜப்பானிய வழியில் வந்த அந்தச் சிமுலேட்டரில் பாதை முழுவதையும் எழுத்துக் கோப்பாகவே எழுதலாம். தண்டவாள அகலம் என்ற வரியில் 1000 என்று எழுதினால் மீட்டர் கேஜ் வந்துவிடும். வேறு எதிலும் இவ்வளவு சுலபமாக வராது. நேர்க்கோட்டில் ஓடும் கிளைப்பாதைக்கு அது பொருத்தமான கருவியும்கூட. ஆனால் சந்திப்பில் எஞ்சினைக் கழற்றித் திருப்பி மறுமுனையில் பூட்டும் வேலைக்கு அது அவ்வளவாக உதவாது. மாயவரம் சந்திப்பு அந்த வேலை இல்லாமல் மாயவரம் ஆகாது. போலந்திலிருந்து 2023-இல் வந்த சிம்ரெயிலில் ஒருவர் வண்டி ஓட்ட, இன்னொருவர் நிலையத்தில் உட்கார்ந்து சிக்னல் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. கைகாட்டி தாழ்ந்ததும் வண்டி நகர்வதையும், ஸ்டேஷன் மாஸ்டர் வண்டி செல்வதற்கு அனுமதியான டோக்கன் உருண்டையை வளையத்தில் போட்டு நீட்டுவதையும் பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில் அந்த ஏற்பாடு எனக்குப் பெரிதும் பிடித்திருக்கிறது. பின்னாளில் மெயின் லைனையும் சேர்த்துப் போடும்போது, ஓப்பன் ரெயில்ஸின் பலர் ஓட்டும் முறையில் ஒருவர் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் வசதியைக் கொண்டு ஏறக்குறைய அதைச் செய்துகொள்ளலாம். செல்பேசி விளையாட்டுகள் பிள்ளைகளை இந்தப் பக்கம் இழுத்துவரும். அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்க ஒன்றும் இல்லை.

இனி, நான் ஓப்பன் ரெயில்ஸ் பக்கம் நிற்பதற்கான உண்மையான காரணத்தைச் சொல்கிறேன். மைக்ரோசாஃப்ட் தன் ட்ரெயின் சிமுலேட்டரின் இரண்டாம் பதிப்பை அறிவித்தது, கைவிட்டது, மறுபடி அறிவித்தது. 2009-இல் அதை உருவாக்கிக்கொண்டிருந்த பிரிவையே மூடிவிட்டது. அத்தோடு முடிந்திருக்கவேண்டிய கதை. ஆனால் முதல் பதிப்பின் கோப்புகளில் பெரும்பாலானவை திறந்து படித்துத் திருத்தக்கூடியவையாக இருந்ததால், உலகெங்கும் இருந்த அன்பர்கள் அவற்றைப் படிக்கும் புதிய நிரலைத் தாங்களே எழுதினார்கள். அதுதான் ஓப்பன் ரெயில்ஸ்; மூலநிரல் யாருக்கும் திறந்திருக்கிறது, காசும் இல்லை. 2001-இல் ஒருவர் போட்ட பாதை இன்றும் அதில் ஓடுகிறது. நம் நாட்டு அன்பர்கள் பல ஆண்டுகளாக உருவாக்கிய சென்னை ஐசிஎஃப் ஆலைப் பெட்டிகளும் டபிள்யூடிஎம்-2 டீசல் எஞ்சின்களும் இன்றும் அதில் ஓடுகின்றன. இதற்கு எதிரான அனுபவமும் எனக்கு உண்டு. வேறொரு நிறுவனத்தின் விளையாட்டில் ஒரு பாலத்தை நாற்பது நாள் உட்கார்ந்து செய்தேன். விளையாட்டு அடுத்த பதிப்புக்கு மாறியதும் அந்தப் பாலம் வெள்ளை அட்டைப் பெட்டியாகத் தெரிந்தது. கடிதம் எழுதினேன், பழைய பொருள்களுக்கு ஆதரவு இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. தரங்கம்பாடிப் பாதையைத் தரையிலிருந்து ஒருமுறை பெயர்த்தாகிவிட்டது. கணினியிலிருந்தும் இன்னொருவர் பெயர்த்துவிடும்படி நாம் வைக்கக் கூடாது.

ஓப்பன் ரெயில்ஸின் குறைகளை மறைக்க விரும்பவில்லை. படம் பத்தாண்டு பின்தங்கியிருக்கிறது. நிறுவுவதும் புதியவர்களைத் திணறடிக்கும். பாதை போடுவதற்கு டிஎஸ்ஆர்இ என்ற தனிக் கருவியைக் கற்கவேண்டும். அது சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும் பழக்கம் உடையது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமித்துக்கொள்வது நல்லது. நிலையக் கட்டடங்களைப் பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் செய்யலாம், அது எல்லா விளையாட்டுக்கும் பொது. ஆகவே கட்டடம் செய்கிறவர்கள் விளையாட்டு முடிவாகும் வரை காத்திருக்கவேண்டியதில்லை, இப்போதே தொடங்கலாம்.

என் வேண்டுகோள் இதுதான். வாக்கெடுப்பு வேண்டாம், நிதியும் இப்போது வேண்டாம். மயிலாடுதுறை சந்திப்பிலிருந்து மன்னம்பந்தல் வரையுள்ள துண்டை மட்டும் ட்ரெயின்ஸில் ஒரு குழுவும் ஓப்பன் ரெயில்ஸில் ஒரு குழுவும் பொங்கலுக்குள் போட்டுக் காட்டட்டும். இரண்டிலும் ஒரே வண்டியை ஒரே கால அட்டவணையில் ஓட்டுவோம். மன்னம்பந்தலில் பிளாட்பாரத்தின் எல்லைக்குள் நிறுத்துவதே சோதனை. ஓட்டிப் பார்க்க, நீராவி எஞ்சினில் வேலை செய்த பெரியவர் ஒருவரை அழைத்துவருவது என் பொறுப்பு. எது சரி என்று அவர் சொல்கிறாரோ, அது ட்ரெயின்ஸாகவே இருந்தாலும், நான் துண்டு பொருத்தும் வேலையை விட்டுவிட்டு மவுஸால் கோலம் போடக் கற்றுக்கொள்கிறேன்.

பழைய பாதையின் கரை இன்னும் தெரியும் இடங்களில் சைக்கிளில் போய் எடுத்த மதகு அளவுகள் ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய என்னிடம் இருக்கின்றன. அவற்றை இரண்டு குழுவுக்கும் நகல் எடுத்துத் தருகிறேன்; ஆக்கூருக்கு அப்பால் மட்டும் பக்கங்கள் காலியாக இருக்கின்றன. சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் அங்கே அளவெடுக்க வரக்கூடியவர்கள் எனக்குத் தெரிவிக்கவும்.

அன்புடன்,
மாயவரம் சந்திப்பில் கைகாட்டி பார்த்து வளர்ந்த உங்களில் ஒருவன்