கோத்தகிரியில் கற்றல், பண்பாட்டு மையம்: வடிவமைப்பைத் திறந்த போட்டி வைத்துத் தேர்ந்தெடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற அரசுப் பள்ளித் தமிழாசிரியை,
கோத்தகிரி வட்டார வாசகர்கள், பெற்றோர் சார்பாக,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.

பொருள்: கோத்தகிரியில் நூலகமும் பண்பாட்டுக் கூடமும் சேர்ந்த மையம் அமைத்தல் – வடிவமைப்பைக் கட்டடக்கலைப் போட்டி மூலம் தேர்ந்தெடுக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் 32 ஆண்டுகள் இந்த வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் தமிழ் நடத்தியவள். ஹட்டி என்னும் படுகர் ஊரிலிருந்து வரும் பிள்ளை, கோக்கால் என்னும் கோத்தர் பழங்குடி ஊரிலிருந்து வரும் பிள்ளை, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டிலிருந்து வரும் பிள்ளை எல்லோரும் என் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். வீட்டுக்குப் போனால் ஒவ்வொருவருக்கும் ஒரு மொழி. அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கவும், அவர்கள் வீட்டுப் பெரியவர்களின் பாட்டும் கைத்தொழிலும் அதே கூரைக்கடியில் நடக்கவும் ஓர் இடம் வேண்டும். அதன் வடிவத்தை டெண்டரில் குறைந்த தொகை கேட்டவர் முடிவு செய்யாமல், நாடு முழுவதும் உள்ள கட்டடக்கலைஞர்கள் கலந்துகொள்ளும் போட்டி முடிவு செய்ய வேண்டும். இதுதான் எங்கள் கோரிக்கை.

படிக்க ஓர் இடம், பண்பாட்டுக்கு ஓர் இடம் என்று தனித்தனியாகக் கட்டினால் என்ன என்று கேட்கலாம். டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் பெண், லைன் வீட்டின் ஒற்றை அறையில், தொலைக்காட்சிச் சத்தத்துக்கு நடுவே படிக்கிறாள். அவளுக்கு மேசையும் வெளிச்சமும் கடைசி பஸ் வரைக்கும் திறந்திருக்கும் கதவும் வேண்டும். அவளுடைய வகுப்புத் தோழியின் பாட்டி, கோத்தர் பெண்களின் பழைய முறைப்படி மண்பானை வனைவார். கோத்தகிரி என்ற பேரே கோத்தர்களிடமிருந்து வந்தது. ஆனால் அந்தப் பாட்டி வனைவதை ஒரு பள்ளிப்பிள்ளை உட்கார்ந்து பார்க்க இந்த ஊரில் ஒரு திண்ணை கிடையாது. முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆராய்ச்சி மையமும் காட்சியகமும் இருக்கின்றன, அவை அருமையானவை. ஆனால் அங்கே போக எங்கள் பிள்ளைகள் உதகைக்கு 30 கிலோமீட்டர் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு சுற்றுலா நாளில் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்ப்பது வேறு, படிக்க வந்த இடத்தில் பறையும் கொம்பும் காதில் விழுவது வேறு. படுக மொழிக்குத் தனி எழுத்தில்லை. என் அம்மா சொன்ன கதைகளை நான் தமிழ் எழுத்தில்தான் குறித்து வைத்திருக்கிறேன். அப்படிக் குறிப்பேடுகள் பல வீடுகளில் இருக்கும். அவற்றைக் கொண்டுவந்து வைக்கவும் ஓர் அலமாரி வேண்டும்.

சரி, போட்டி எதற்கு? எங்கள் பக்கத்து ஊரில் சில வருஷங்களுக்கு முன் ஒரு படிப்பகம் கட்டினார்கள். கட்டியவர்கள் பேர் வேண்டாம், நல்ல எண்ணத்தோடுதான் கட்டினார்கள். ஆனால் வரைபடம் கீழ்நாட்டுச் சமவெளியிலிருந்து வந்தது. எல்லா அறையிலும் மின்விசிறிக்குக் கொக்கி வைத்தார்கள். எங்கள் ஊரில் விசிறி யாருக்கு வேண்டும்? சரிவே இல்லாத மட்டமான கூரை. பெரிய ஜன்னல்கள் வெயிலே படாத பக்கம். அடுத்த மழைக்குள் சுவரில் ஓதம் ஏறிவிட்டது. நான் கொடுத்த புத்தகங்களில் பாதிக்கு மேல் பூஞ்சணம் பிடித்தது. பிள்ளைகள் உள்ளே உட்காராமல், வெயில் வரும் வெளிப்படியில் உட்கார்ந்து படித்தார்கள். அந்தப் படிதான் அந்தக் கட்டடத்திலேயே சரியாக அமைந்த பகுதி.

இந்த மலையில் கட்டுவது தனி வித்தை. தொட்டபெட்டா சிகரம் மறைப்பதால் தென்மேற்குப் பருவமழை கோத்தகிரிக்குக் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழைதான் எங்களுக்குப் பெரிது. இதே மாவட்டத்தில் கூடலூருக்கு நேர்மாறு. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. மாவட்டம் முழுக்க மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கப்புறம் பொக்லைன் சத்தம் கேட்டாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். மலைப்பகுதிக் கட்டட விதி உயரத்துக்கு ஓர் எல்லை வைக்கிறது. சரிவை வெட்டாமல், ஓடையை மறிக்காமல், அந்த உயரத்துக்குள் 200 பேர் உட்காரும் கூடமும் அமைதியான வாசிப்பறையும் அமைப்பதற்கு நல்ல மூளைகள் பல சேர்ந்து யோசிக்க வேண்டும். போட்டி அதைத்தான் செய்கிறது.

புது தில்லியில் உள்ள தேசியப் போர் நினைவுச்சின்னத்துக்கு உலகளாவிய போட்டி வைத்தார்கள். 2017-ல் வென்றது சென்னைக் கட்டடக்கலைஞர் யோகேஷ் சந்திரஹாசன் குழுவின் வடிவம். 2019 பிப்ரவரியில் அது திறக்கப்பட்டது. பேரை மறைத்து வரைபடத்தை மட்டும் பார்த்தால் திறமை தானாக மேலே வரும். பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியாவில் கனாக் பழங்குடியினருக்காக ஒரு பண்பாட்டு மையத்தை, போட்டியில் வென்ற இத்தாலியர் ரென்சோ பியானோ கட்டினார். 1998-ல் திறந்தார்கள். கனாக் குடிசையை அவர் அப்படியே நகலெடுக்கவில்லை. அந்தக் குடிசையின் உருவிலிருந்து தொடங்கி, கடற்காற்று உள்ளே புகுந்து வெளியேறும்படி மரத்தால் 10 கூடங்கள் எழுப்பினார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே உள்ள பெரிய பயமே அதுதான். பழங்குடி மையம் என்றவுடன் தோடர் பழங்குடியினரின் ஊரான மந்தில் உள்ள அரைவட்ட வீட்டைச் சிமென்டில் வார்த்து வாசலில் வைத்துவிடுவார்கள். மூங்கிலை வளைத்து, பிரம்பால் கட்டி, புல் வேய்ந்து, குளிரை வெளியே நிறுத்தும் அறிவுதான் அந்த வீடு. வெறும் உருவம் அல்ல. அந்த அறிவைக் கற்றுக்கொண்டு வரைந்தவருக்குப் பரிசு கொடுங்கள்.

ஆகவே போட்டிக்கான தேவைப் பட்டியலை அலுவலகத்தில் எழுதாமல், முதலில் மந்துக்கும் கோக்காலுக்கும் ஹட்டிக்கும் குறும்பர், இருளர் குடியிருப்புகளுக்கும் லைன்களுக்கும் போய்க் கேட்டு எழுத வேண்டும். எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று சொல்லும் உரிமை அந்தந்த மக்களுக்கே. இறுதிச் சுற்றுக்கு வரும் குழுக்கள் ஐப்பசி மழையில் இரண்டு நாளாவது இங்கே தங்கிப் பார்க்க வேண்டும். நடுவர் குழுவில் கட்டடக்கலை மன்ற நெறிமுறைப்படி கட்டடக்கலைஞர்கள் பெரும்பான்மையாக இருக்கட்டும். கூடவே ஒரு நிலவியலாளர், ஒரு நூலகர், பழங்குடிப் பெண்கள் இருவர் அவசியம். வந்த வரைபடங்களையெல்லாம் சந்தை நாளில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

இரண்டு விஷயங்களில் மட்டும் தாங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஒன்று, நிலமும் பணமும் உறுதியாகாமல் போட்டியை அறிவிக்க வேண்டாம். தில்லியில் இந்திரா காந்தி தேசியக் கலை மையத்துக்கு 1986-ல் நடந்த சர்வதேசப் போட்டியில் வென்ற வடிவம் இன்றுவரை முழுதாகக் கட்டப்படவில்லை. மலைப்பகுதி மேம்பாட்டுக்கான அரசு நிதியிலிருந்து தொடங்க முடியுமா என்று பரிசீலிக்க வேண்டுகிறோம். இன்னொன்று, வென்றவரைப் பரிசு கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. கடைசி ஓடு வேயும்வரை மேற்பார்வை அவர் கையில் இருக்கும்படி ஒப்பந்தம் போட வேண்டும். பாதி வழியில் ஜன்னல் சுவராகவும் சரிவுக்கூரை மட்டக்கூரையாகவும் மாறுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

1819-ல் கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவன் கட்டிய பெத்தகல் பங்களாவைப் புதுப்பித்துக் காட்சியகமாக்கியிருக்கிறார்கள். 200 வருஷத்துக் கல்சுவரை நாங்கள் மதிக்கிறோம். அதே அக்கறையோடு எங்கள் பிள்ளைகளுக்கென்று ஒரு சுவரை எழுப்பித் தாருங்கள்.

இந்த மனுவோடு கையெழுத்துப் பக்கங்களை இணைத்திருக்கிறோம். தாங்கள் ஒரு நாள் குறித்துக் கொடுத்தால், தேவைப் பட்டியலுக்கான முதல் கூட்டத்தைக் கோத்தகிரியிலேயே நடத்தலாம். பெரியவர்களை அழைத்து வருவதும், மொழி தெரியாத இடத்தில் பெயர்த்துச் சொல்வதும், வந்தவர்களுக்குச் சோறு போடுவதும் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோத்தகிரி வட்டார வாசகர்கள், பெற்றோர் சார்பாக
ஓய்வுபெற்ற தமிழாசிரியை

இடம்: கோத்தகிரி