பந்தனா விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை. தெருச் செய்தி, பட்டறைச் செய்தி, சின்னவன் கல்யாணப் பேச்சு எல்லாவற்றையும் அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய போட்டோவை அம்மா பெரிதாக்கிப் பார்த்தாள், நானும் பார்த்தேன். தலையில் என்ன என்று கேட்டதற்கு "பந்தனாப்பா" என்று ஒரு வார்த்தை போட்டு முடித்துவிட்டாய். அந்த ஒரு வார்த்தைக்குள் எத்தனை சரக்கு இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. சாயக்காரன் மகள் தெரிந்துகொள்ள வேண்டியதுதான், அதனால் எழுதுகிறேன்.

முதலில் துணியைச் சொல்லிவிடுகிறேன். நீ கட்டியிருப்பது முடிச்சுப் போட்ட துணி இல்லை, அச்சு. காதருகே மடிந்த ஓரத்தில் உள்பக்கம் வெளிறித் தெரிகிறது. முடிச்சுத் துணிக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டும் ஒரே நிறமாக இருக்கும். வெளிச்சம் பட்ட இடத்தில் மினுங்குகிறதே, அதில் பாலியெஸ்டர் கலப்பு இருக்கும் என்று நினைக்கிறேன். தலைக்குக் கட்டுவதென்றால் முழுப் பருத்திதான் கட்ட வேண்டும், பாப்பா. பாலியெஸ்டர் வியர்வையைக் குடிக்காது, தோலோடு ஒட்டி அரிப்பைக் கொடுக்கும்.

இனி வார்த்தைக்கு வருகிறேன். இந்தியில் பாந்த்னா என்றால் கட்டுவது. துணியை அங்கங்கே நூலால் கட்டிச் சாயத்தில் முக்குகிற வேலைக்குப் பாந்த்னூ என்று பெயர். தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்த பர்னெல்லும் யூலும் சேர்ந்து தொகுத்து 1886-ல் வந்த, ஆங்கிலத்தில் கலந்த இந்திய வார்த்தைகளுக்கான ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் பந்தனாவுக்கு இந்த வேர்தான் கொடுத்திருக்கிறது. சிவப்பு அல்லது மஞ்சள் பட்டில் வெள்ளைப் புள்ளி விட்ட கைக்குட்டை என்று விளக்கமும் இருக்கிறது. அதாவது இங்கிலாந்துக்காரன் வாயில் முதலில் ஏறியபோது இது தலையில் கட்டுவதற்கான பெயரே இல்லை, சாயம் போடும் முறைக்கான பெயர். கட்டுவது என்ற வினை தொழிலாளி விரலிலிருந்து கழன்று, வாங்கினவன் கழுத்துக்கும் தலைக்கும் போய்விட்டது. இன்றைக்கு அமெரிக்காவில் யாரையாவது கேட்டால், தலையில் கட்டுவதால் பந்தனா என்பார்கள்.

அந்தப் பட்டு வங்காளத்திலிருந்து போனது. காசிம்பஜார் பக்கத்துப் பட்டு. 1701 முதல் இங்கிலாந்துக்குள் இந்தியப் பட்டு உடுத்தக்கூடாது என்று சட்டம். லண்டன் வழியாக வேறு நாட்டுக்கு விற்கலாம், அவ்வளவுதான். ஆனால் கடத்தலில் கரையேறி எல்லோர் பையிலும் இருந்தது. 1826-ல்தான் தடை போனது. இவ்வளவு ஆசைக்கு ஒரு காரணம் மூக்குப்பொடி. வெள்ளைக் கைக்குட்டையில் பொடிக்கறை பல்லை இளிக்கும். சிவப்பிலும் நீலத்திலும் புள்ளி போட்ட துணியில் கறை இருப்பதே தெரியாது. மறைக்கத்தான் அந்தத் துணியை வாங்கினார்கள்.

பிறகு கிளாஸ்கோ. நீ அங்கே வேலை கிடைத்தும் போகாமல் ஒஹையோவுக்குப் போனாய், சரி, அது பழைய பேச்சு. 1785-ல் ஜார்ஜ் மெக்கின்டாஷும் டேவிட் டேலும் அங்கே டால்மார்னக்கில் துருக்கிச் சிவப்புச் சாயப்பட்டறை வைத்தார்கள். ரூவான் ஊரிலிருந்து பாப்பியோன் என்ற பிரெஞ்சுக்காரரை வரவழைத்துக் கற்றுக்கொண்டது. மஞ்சிட்டிக் குடும்பத்து வேர், எண்ணெய், படிகாரம், ஆட்டுச்சாணம், ரத்தம் என்று பல கட்டம். நம் கடற்கரை இம்பூறல் வேரில் இருப்பதும் அதே அலிசரின் சிவப்புதான், ஆகையால் எனக்கு அதில் பெரிய வியப்பு ஒன்றும் இல்லை. வியப்பு அடுத்ததில்தான் இருக்கிறது. பட்டறை ஹென்றி மான்டீத் கைக்குப் போன பின், புள்ளிக்கு முடிச்சே வேண்டாம் என்று ஆக்கிவிட்டார்கள். முதலில் துணி முழுவதையும் சிவப்பாக்குவது. பத்துக்கும் மேற்பட்ட துணிகளை மடித்து அடுக்கி, ஒரே வடிவத்தில் ஓட்டை போட்ட இரண்டு ஈயத் தகடுகளுக்கு நடுவில் வைப்பது. ஹைட்ராலிக் அழுத்தத்தில் இறுக்குவது. மேல்தகட்டு ஓட்டை வழியாகக் குளோரின் வெளுப்பு நீரை விட்டால், அது அடுக்கு முழுதும் ஊடுருவிக் கீழ்த்தகட்டு வழியாக வெளியேறும். ஓட்டை இருந்த இடத்தில் சிவப்பு போய் வெள்ளைப் புள்ளி நிற்கும். அழுத்தம் குறைந்தால் நீர் பக்கவாட்டில் கசிந்து புள்ளி ஓரம் பிசிறடிக்கும். பின்னாலேயே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் தங்கிய வெளுப்பு நூலை அரித்து, கொஞ்ச நாளில் புள்ளி இருந்த இடம் ஓட்டையாகும். நம் வேலைக்கு நேர் எதிர். நாம் சாயம் போகக்கூடாத இடத்தைக் கட்டி வைக்கிறோம், அவர்கள் எல்லா இடத்திலும் போகவிட்டுப் பிறகு பிடுங்கினார்கள். பெயர் மட்டும் பந்தனாவாகவே இருந்தது.

இதில் நமக்குப் பெருமை பேச இடமில்லை. முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுகிற மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு வந்தது. இன்றைக்குச் சுங்குடி என்று கடையில் தொங்குவதில் பெரும்பகுதி மெழுகு அச்சும் ஸ்கிரீன் அச்சும்தானே. உனக்குத் தெரியும், கேட்டால் யார் வீட்டில் சண்டை வரும் என்றும் தெரியும்.

அசல் முடிச்சுப் புள்ளியைக் கண்டுபிடிக்க நல்ல வழி, நடுவைப் பார்ப்பது. விரல்நுனியில் துணியைக் கிள்ளி நூலைச் சுற்றும்போது உச்சியில் ஒரு பொட்டு துணி வெளியே நிற்கும். அது சாயத்தைக் குடிக்கும். அதனால் வெள்ளை வளையத்துக்குள் ஒரு நிறப்பொட்டு இருக்கும். எல்லாப் புள்ளியும் ஒரே அளவாக இருந்தால் அச்சு. சுற்று தளர்ந்தால் சாயம் உள்ளே ஓடிப் புள்ளி கலங்கும், ரொம்ப இறுக்கினால் பிரிக்கும்போது துணி கிழியும். துணியை நனைத்துப் பிழிந்துவிட்டுத்தான் தொட்டியில் விட வேண்டும், உலர்ந்த துணி முடிச்சுக்குள்ளேயும் சாயத்தை இழுத்துவிடும். உனக்கு இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. துணியைத் தொட்டே நூல் நம்பர் சொல்கிறவள், அச்சடித்த துணியை வாங்கிக் கட்டியிருக்கிறாய். கேட்டிருந்தால் அனுப்பியிருக்க மாட்டேனா? கேட்க நேரமில்லையோ, கேட்க மனமில்லையோ.

அமெரிக்காவுக்குப் போன பின் இந்த வார்த்தை ஊர்வலத்துக்கும் போயிருக்கிறது. நீ இருக்கிற கொலம்பஸ் ஊர்க்காரர் ஆலன் தர்மன், மூக்குப்பொடிக்காரர். அவர் சிவப்புப் பந்தனாவைப் பையில் வைத்திருப்பார். 1888-ல் ஜனாதிபதி கிளீவ்லண்டோடு துணை ஜனாதிபதிக்கு நின்றபோது கட்சிக்காரர்கள் அந்தத் துணியையே கொடியாக்கினார்கள். மக்கள் வாக்கில் முந்தியும் தோற்றார்கள். 1912-ல் தியோடர் ரூஸ்வெல்ட் கட்சியும் சிவப்புப் பந்தனாவை எடுத்தது, அவரும் தோற்றார். அரசியலுக்கு ராசியில்லாத துணி போலிருக்கிறது. 1921-ல் மேற்கு வர்ஜீனியாவில் பிளேர் மலையில் சுரங்கத் தொழிலாளிகள் கழுத்தில் கட்டிப் போராடியதும் சிவப்புதான். மாடு மேய்ப்பவன் தூசிக்கு மூக்கில் கட்டினான். மாங்காய் போட்ட பருத்திச் சதுரம் என்று இப்போது எல்லோரும் அறிந்த உருவம் எப்படியோ நிலைத்துவிட்டது. காஷ்மீர்ச் சால்வை மாங்காய் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊர்த் தறிகளில் ஏறி, அந்த ஊர்ப் பெயரையே வாங்கிக்கொண்டு வந்தது. புள்ளி ஓரத்துக்குப் போய்விட்டது. 2020-ல் நோய்க்கு மூக்கை மூடவும் இதையே மடித்துக் கட்டச் சொன்னார்கள். இப்போது நாய்க்குக் கட்டுவதும் பந்தனாதானாம்.

லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் நீலம் ஒரு கும்பலுக்கு, சிவப்பு இன்னொரு கும்பலுக்கு என்று படித்ததிலிருந்து அம்மாவுக்குக் கவலை. கொலம்பஸ் எங்கே, லாஸ் ஏஞ்சலீஸ் எங்கே என்று சொன்னேன். ஆனாலும் நிறத்தைப் பார்த்துக் கட்டு. வெளிர் நிறமாகவே கட்டு. நிறம்தான் என் கவலையும்.

இதே பெயரில் இன்னொன்றும் விற்கிறார்கள் என்று தேடும்போது தெரிந்தது. முன்பக்கம் மட்டமாக, பின்பக்கம் முன்கூட்டியே முடிச்சுப் போட்டு, உள்ளே மென்மையான பருத்தி வைத்துத் தைத்தது. யாருக்கு என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. அதை நான் இங்கே எழுதவில்லை.

அளவைச் சொல்கிறேன், இது முக்கியம். கடைப் பந்தனா 22 அங்குலச் சதுரம். முக்கோணமாக மடித்தால் நீண்ட ஓரம் 31 அங்குலம். தலைச் சுற்றளவு 22 என்று வைத்தால் முடிச்சுக்கு இரண்டு பக்கமும் நாலரை அங்குலம்தான் மிஞ்சும். முன்னால் இரண்டு அங்குலம் மடித்தாயானால், உச்சி தாண்டிப் பிடரிக்கு வருவதற்குப் பதின்மூன்றரைதான் இருக்கும், அது பிடரியை மூடாது. முடி இருக்கிற தலைக்கு இது போதும், ஏனென்றால் பிடித்துக்கொள்வது முடிச்சு மட்டும் இல்லை, முடியும்தான். உன் பின்னலுக்குத் தாராளமாகப் போதும். போட்டோவில் பின்னல் தெரியவில்லை. வெட்டிவிட்டாளோ என்று அம்மா கேட்டாள். அங்கே குளிரில் தலை காய்வது கஷ்டம், வெட்டியிருப்பாள் என்று சொல்லிவைத்தேன்.

முழுத்தலையும் மூட 30 அங்குலம் வேண்டும். அப்போது நீண்ட ஓரம் 42, இரண்டு பக்கமும் பத்துப் பத்து மிஞ்சும். பட்டு வேண்டாம், வழுக்கும். பெரியத்தைக்கு முதலில் பட்டு வாங்கிக் கொடுத்து என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியும், பிறகு கடைசிவரை மல் துணிதான். முன்னோரத்தை இரண்டு அங்குலம் உள்ளே மடித்து, புருவத்துக்கு ஒரு அங்குலம் மேலே வை. இரண்டு முனையையும் காதுக்குப் பின்னால் கொண்டுபோய், பின்னால் தொங்கும் முனைக்கு மேலாகப் பிடரியில் ஒரே முடிச்சு. தொங்கும் முனையை முடிச்சுக்குள் சொருகு. படுத்திருக்கிற நேரம் அதிகமென்றால் முடிச்சைப் பக்கவாட்டுக்குத் தள்ளு, நடுவில் இருந்தால் தலையணையில் அழுத்தும். உச்சியில் துணி தட்டையாகப் படிந்தால் அடியில் ஒரு சின்னத் துணியை மடித்து வை, எடுப்பாக நிற்கும். அங்கே ஜனவரியில் அடியில் ஒரு பருத்திக் குல்லாவும் வேண்டும்.

புதுத் துணியை அப்படியே கட்டாதே. வாசனையில்லாத சோப்பில், வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு தண்ணீர் அலசிக் கட்டு. துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றாதே, பருத்தி வியர்வை குடிப்பதைக் குறைத்துவிடும். உப்புத்தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னால் நம்பாதே. உப்பும் சோடாவும் தொட்டியில் சாயம் ஏற்றும்போது வேலை செய்யும். ஏறி முடிந்தபின், ஒட்டாத சாயத்தைக் கொதிக்கும் சோப்புத் தண்ணீரில் பட்டறையிலேயே எடுத்திருக்க வேண்டும். ஈர வெள்ளைத் துணியால் பத்துத் தடவை தேய்த்துப் பார், நிறம் ஒட்டினால் தலைக்கு ஆகாது. சில மலிவான அசோ சாயங்கள் தோலில் பட்டு உடைந்தால் கெட்ட பொருள் வரும். ஐரோப்பிய ஒன்றியம் 2002-ல் அதற்கு ஒரு கிலோத் துணிக்கு 30 மில்லிகிராம் என்று வரம்பு போட்டுவிட்டது. விலைச்சீட்டைக் கத்தரித்து எடு, அதன் ஓரம் பிடரியை உரசும். பருத்திதான் கட்ட வேண்டும், முன்னமே சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன்.

அம்மாவின் பாஸ்போர்ட் புதுப்பித்து வந்துவிட்டது. சும்மாதான் புதுப்பித்தோம்.

நான் துணி எடுத்துவிட்டேன். நூறாம் நம்பர் மல், வெளுத்தது, ஓரம் கைத்தையல். மூன்று துணி போடுகிறேன்: ஒன்று வெள்ளை, சாயமே இல்லாமல், ஒன்று வெளிர் மஞ்சள், ஒன்று உனக்குப் பிடித்த அந்தக் கத்தரிப்பூ நிறம். முடிச்சை அம்மாதான் போடுவேன் என்கிறாள். புள்ளி பெரிதாக வேண்டாம், பிரித்தபின் நிற்கும் சுருக்கம் மென்மையான தோலில் உறுத்தும் என்று சொல்லியிருக்கிறேன். எவ்வளவு பெரிதாக வெட்டுவது என்பது மட்டும் நீ சொல்ல வேண்டும். டேப்பைப் புருவத்துக்கு மேலே வைத்து, காதுக்கு மேலாகப் பின்மண்டையின் மேட்டைச் சுற்றிக் கொண்டுவா. அதோடு நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் ஒரு அளவு. பழைய அளவு வேண்டாம், இன்றைக்கு இருக்கிறபடி அளந்து சொல். பின்னல் இருந்தால் பின்னலோடு அளந்தேன் என்று எழுது. இல்லையென்றால் இரண்டு எண்ணை மட்டும் அனுப்பு, போதும். ராத்திரி இரண்டு மணியானாலும் அனுப்பு, போன் என் தலைமாட்டில்தான் இருக்கிறது.

அப்பா