சர்வரை அணைத்துவிட்டீர்கள், கேமையாவது கொடுங்கள்

மதிப்பிற்குரிய கேம் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். போன மாதம் உங்கள் போன் கேமின் சர்வரை நிறுத்தினீர்கள். ஆட்கள் குறைந்தால் செலவு கட்டாது, புரிகிறது. அதற்காகச் சண்டை போட வரவில்லை. கேட்பது ஒன்றுதான்: படங்கள், இசை எல்லாம் உள்ளடங்கி, இணையம் இல்லாமலே ஓடும் ஒரு கடைசிப் பதிப்பை வெளியிடுங்கள்.

நான்கு வருடம் ஆடிய கேம். மூடிய மறுநாளே என் பழைய போனிலிருந்து, ஆண்ட்ராய்டில் கேமை நிறுவும் ஏபிகே ஃபைலை எடுத்துப் பிரித்தேன். அதுவும் ஒரு ஜிப் ஃபைல்தானே. உள்ளே லோகோவும், லோடிங் திரையும், சில எழுத்துருக்களும்தான் இருந்தன. மற்றதெல்லாம் ஆட ஆட உங்கள் சர்வரிலிருந்து இறங்கியவை. போனில் மிஞ்சியிருந்த டேட்டா ஃபோல்டரைத் துழாவினேன். எண்ணும் எழுத்துமாகக் குழம்பிய பெயர்களில் நூற்றுக்கணக்கான ஃபைல்கள். யூனிட்டி என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் செய்த கேம் என்பதால், அதன் அசெட் பண்டில்களை, அதாவது படமும் இசையும் கட்டிவைத்த பொட்டலங்களை, பிரிக்கும் கருவியில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். மூன்றாம் நாள் இரவு, கேமில் வரும் அந்தப் படகோட்டிக் கிழவர் கிடைத்தார். ஒரே படத்தில் தலை ஒரு மூலையில், துடுப்புப் பிடித்த கை இன்னொரு மூலையில், தாடி தனியாக. அவர் தலையசைத்து வழியனுப்புவாரே, அந்த அசைவுக்கான ஃபைல் இல்லை. ஆற்றங்கரை இசையும் இல்லை. நான் எட்டாத கட்டங்கள் என் போனில் இறங்கவே இல்லை; இனி இறங்கவும் போவதில்லை.

போன் பழையது என்பதால் இவ்வளவாவது கிடைத்தது. 2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11, அந்த டேட்டா ஃபோல்டரை ஃபைல் மேனேஜர் ஆப்களுக்கு மூடிவிட்டது. பாதுகாப்புக்காகச் செய்தது, தவறென்று சொல்லமாட்டேன். 2017இல் ஐபோனுக்கு ஐஓஎஸ் 11 வந்தபோதும், பழைய வகைச் சிப்புகளுக்காகச் செய்த 32 பிட் கேம்கள் அத்தனையும் அதில் ஓடாமல் போயின. கார்ட்ரிட்ஜிலும் சிடியிலும் வந்த கேம்கள் பரணில் தூசி படிந்தாவது கிடக்கின்றன. போனில் பிறந்த கேமுக்கு அந்தப் பரண்கூட இல்லை. காசு வாங்கும்போது மட்டும் பட்டனில் 'வாங்கு' என்றுதானே எழுதியிருந்தீர்கள்? வாங்கியது எங்கே?

குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரித்தெடுக்கக் கூடாது என்று உங்கள் விதிமுறையில் இருப்பது தெரியும். விற்கவோ, வேறு கேமில் ஒட்டவோ நான் கேட்கவில்லை. அந்தக் கிழவரை வரைந்த ஓவியரும் பத்து வருடம் கழித்து அவரைப் பார்க்க ஆசைப்படலாம். ஆகவே மறுபடியும் கேட்கிறேன்: ஆஃப்லைனில் ஓடும் ஒரு கடைசிப் பதிப்பு. இசையின் உரிமை வேறொருவரிடம் இருந்தால் இசை இல்லாமலே தாருங்கள். அதற்கும் வழியில்லை என்றால், லாப நோக்கமின்றிப் பிரித்தெடுத்துப் பாதுகாப்பவர்கள்மேல் நடவடிக்கை எடுக்கமாட்டோம் என்று ஒரு வரி எழுதுங்கள். சர்வரிலிருக்கும் ஃபைல்களை அழிப்பதற்கு முன் தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
அந்த ஆற்றைக் கடைசிவரை கடக்காத ஓர் ஆட்டக்காரர்