தொடர்பியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பேராசிரியர்களுக்கு,

வணக்கம். அண்மையில் ஒரு கல்லூரிக்கு வாய்மொழித் தேர்வு நடத்தப் போயிருந்தேன். "தொடர்பியல் என்றால் என்னம்மா?" என்று கேட்டதும் மாணவி கிடுகிடுவென்று பலகையில், தகவல் அனுப்புபவரிடமிருந்து பெறுபவருக்குப் போகும் வழியாக ஐந்து பெட்டி போட்டு, நடுவில் 'இரைச்சல்' என்று ஓர் அம்புக்குறியையும் குத்தினார். ஷானன், வீவர் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 1949இல் வெளியிட்ட மாதிரி. தந்தியிலும் தொலைபேசியிலும் தகவல் போவதைக் கணக்குப் போட்டவர்களின் படம். தப்பில்லை. அப்புறம் 'சைட்' பற்றிக் கேட்டேன். "எந்த வெப்சைட் சார்?" என்றார்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்லமாட்டேன், நாம் சொல்லிக்கொடுத்தால்தானே! 1975 ஆகஸ்டிலிருந்து ஓராண்டுக்கு, நாசாவிடம் இரவல் வாங்கிய செயற்கைக்கோளை வைத்து, 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டிவி காட்டிய கல்விச் சோதனைதான் 'சைட்' (SITE). கோழிவலைக் கம்பியில் செய்த ஆன்டெனா! அதைவிட முக்கியம், மானிடவியலாளர்கள் கிராமங்களிலேயே தங்கி, டிவி வந்ததில் அங்கே என்ன மாறுகிறது, என்ன மாறவில்லை என்று பார்த்து எழுதியது. அதற்கும் முன்னால், 1956இல், புனே வானொலி மன்றங்கள். சுமார் 150 கிராமங்களில் மக்கள் கூடி நிகழ்ச்சியைக் கேட்டார்கள், விவாதித்தார்கள், சந்தேகங்களை நிலையத்துக்கே அனுப்பினார்கள். நாம் 'பின்னூட்டம்' என்று அம்புக்குறி போட்டுக் காட்டுவது அங்கே தபாலில் போய்க்கொண்டிருந்தது.

இதெல்லாம் ஏன் வகுப்புக்குள் வரவில்லை? இந்தத் துறை நம்மிடம் பயிற்சிக்கூடமாகவே வளர்ந்தது. 1941இல் லாகூரில் பல்கலைக்கழக இதழியல் துறை தொடங்கியதும் பயிற்சிக்காகத்தான். 1965இல் டெல்லியில் இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் வந்தபோதும் பயிற்சிதான் முன்னால் நின்றது. இன்றும் எடிட்டிங் லேபுக்குப் பணம் எப்படியோ வந்துவிடுகிறது, களஆய்வுக்குப் பஸ் காசு வருவதில்லை. கோட்பாடு மட்டும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கும், நாம் உள்ளூர் உதாரணத்தை மாட்டிவிடுவோம்.

ஷானனைப் பாடத்திலிருந்து தூக்கச் சொல்லவில்லை. முதல் பருவத்திலேயே 'சைட்', புனே இரண்டையும் முழுப் பாடமாக வையுங்கள், ஒற்றை வரிக் குறிப்பாக அல்ல. அந்தக் கால ஆய்வறிக்கைகளை ஸ்கேன் செய்து எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக்குங்கள். கிராமத்தில் தமிழில் கேட்டுவந்ததை மாணவர் தமிழிலேயே ஆய்வேடாக எழுதினால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.

அடுத்த பாடத்திட்டக் கூட்டம் எப்போது என்று சொல்லுங்கள். என்னிடமிருக்கும் பழுப்பேறிய ஜெராக்ஸ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்