ரசீது வேறு, நன்றி வேறு

அன்பு மகளுக்கு,

குழந்தைகள் இல்லத்தில் நன்கொடையாளர்களைக் கவனிக்கும் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டதில் அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். பலரும் சறுக்குகிற இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ரசீது அனுப்பியதுமே நன்றி சொல்லியாயிற்று என்று நினைத்துவிடுவார்கள். ரசீது கணக்குக்கு. கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்று தெரியாதவரிடம் அடுத்த வருஷம் மறுபடி போய் நின்றால் எந்த மனசோடு தருவார்?

ரசீது அன்றைக்கே போகட்டும். இரண்டு நாளுக்குள் ஒரு போன் போடு, அதில் புதிதாக எதையும் கேட்காதே. அவர் கொடுத்த பணத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்ட மறுநாள் நாலு வரிக் கடிதம். "தங்கள் மேலான ஆதரவுக்கு மனமார்ந்த நன்றி" என்று அச்சடித்த தாளை யாரும் எடுத்து வைப்பதில்லை. இப்படி எழுது: "செவ்வாய்க்கிழமை மதியம் உங்கள் அப்பா நினைவாக 62 பிள்ளைகள் சாப்பிட்டார்கள். சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், சேமியா பாயசம். இரண்டாம் தடவை கேட்டவர்களுக்கும் பாயசம் இருந்தது." அந்தக் கடைசி வரியை எழுத நீ பந்தியில் நின்றிருக்க வேண்டும் கண்ணு.

பதிவேட்டில் நாள், யாருக்காக, என்ன விசேஷம் என்பதோடு "தேதியா, திதியா" என்று ஒரு கட்டம் போடு. பிறந்தநாளைப் பெரும்பாலும் தேதி வைத்துச் சொல்வார்கள். நினைவு நாளைப் பலர் திதி வைத்துச் சொல்வார்கள், அது வருஷா வருஷம் நகரும். புதுப் பஞ்சாங்கம் வந்ததும் எல்லாத் திதிகளுக்கும் தேதி குறித்து வை. விசேஷம் என்ன என்று எழுதாமல் விட்டால் நினைவு நாளன்று வாழ்த்துச் செய்தி போய்விடும். அந்த வீட்டுக்கு அப்புறம் எந்த முகத்தோடு பேசுவது?

பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை நன்றிக்கு அனுப்பாதே. இல்லத்துப் பிள்ளைகளின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. வாட்ஸ்அப்பில் போன படம் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. தட்டோடு வரிசையில் நிறுத்தி நன்றிப் பாட்டு பாட வைப்பதும் வேண்டாம். பசிக்குச் சாப்பிடுவதற்குப் பிள்ளை யாருக்கும் கடன்பட்டதில்லை.

வரி விஷயம் கொஞ்சம்தான். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை (80ஜி என்று சொல்லிப் பழகியது) கிடையாது, வாங்கும்போதே சொல்லிவிடு. அரிசி மூட்டைக்கும் துணிக்கும் அந்தச் சலுகை இல்லை, எடையும் எண்ணிக்கையும் போட்டுத் தனிப் புத்தகத்தில் ரசீது கொடு. கியூஆரில் வரும் பணத்துக்கு வங்கிக் கணக்கில் பெயரைத் தவிர அதிகம் தெரியாது. பான் எண்ணை அப்போதே வாங்காவிட்டால் மே 31க்குள் வருமான வரித்துறையில் நன்கொடை விவரம் தாக்கல் செய்து சான்றிதழ் கொடுக்கும் நேரத்தில் ஆள் தேடி அலைவாய். வெளிநாட்டிலிருந்து வந்தால் எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று கேள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் தருவதை எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கவே கூடாது, அவர் நம் ஊர்க்காரராக இருந்தாலும்.

ஆடி அமாவாசைக்கும் மகாளய அமாவாசைக்கும் மதியச் சாப்பாட்டை நாலைந்து குடும்பங்கள் கேட்கும். ஒரே பந்திக்கு இரண்டு பேரிடம் பணம் வாங்கிவிடாதே. காலை டிபன், இரவுச் சாப்பாடு, அடுத்த நாள் என்று எது காலி என்பதைச் சொல்லிக் கேள். இந்த வருஷப் பட்டியலை இப்போதே எடுத்துப் பார்த்துவிடு.

அன்புடன்,
அம்மா