நீ வட்டம் போட்ட கோடு

அன்புள்ள செல்வி,

போனில் நீ அழுத அழுகையில் நான் சொன்னது எதுவும் உன் காதில் ஏறியிருக்காது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ அனுப்பிய உன் மகனின் கை எக்ஸ்ரே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே குறுக்கே ஓடும் கறுப்புக் கோட்டுக்குச் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறாயே, அது முறிவே இல்லை. 30 வருஷம் எக்ஸ்ரே அறையில் நின்றவள் சொல்கிறேன், நம்பு. அது வளர்ச்சித் தட்டு. அங்கே இருப்பது குருத்தெலும்பு. சுண்ணாம்புச் சத்து ஏறாததால் படத்தில் விழாமல் இடைவெளி மாதிரித் தெரிகிறது. கட்டைவிரல் பக்கத்து எலும்பு, ஆர எலும்பு என்பார்கள், அது நீள்வதில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்தத் தட்டில்தான் நடக்கிறது. குருத்தெலும்புச் செல்கள் அடுக்கடுக்காகப் பெருகும். பழைய அடுக்குகள் எலும்பாகிக்கொண்டே வரும். பையன்களுக்கு 17 வயதுவாக்கில் தட்டு மூடிவிடும். அப்புறம் அந்த எலும்பு நீளாது.

அந்த மணிக்கட்டையே இன்னொரு தடவை பார். பெரியவர்களுக்கு அங்கே 8 சின்ன எலும்புகள். உன் மகன் பிறந்த அன்று படம் எடுத்திருந்தால் ஒன்றுகூடத் தெரிந்திருக்காது, எல்லாம் குருத்தெலும்புதான். இப்போது எண்ணினேன், 7 வந்துவிட்டது. பட்டாணி மாதிரி ஒன்று பாக்கி; அது 10 வயதை ஒட்டி வரும்.

சரி, முறிவு எங்கே? உன் வட்டத்துக்கு இரண்டு விரற்கடை மேலே. ஒரு பக்கம் விரிசல், மறுபக்கம் வெறும் வளைவு. பச்சை வேப்பங்குச்சியை ஒடித்தால் நாரோடு தொங்குமே, அதேதான். டாக்டர்களும் பச்சைக் குச்சி முறிவு என்றுதான் சொல்வார்கள். எலும்பு வெறும் சுண்ணாம்பு இல்லையடி, கொலாஜன் என்ற புரத நாரில் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு மேலுறையும் தடிமன், அதனால் சட்டென்று இரண்டாகாது. நான் விழுந்தால் காய்ந்த முருங்கைக் கொம்பு கதைதான்.

சின்ன வயதில் நல்லி எலும்பைத் தட்டில் தட்டித் தட்டி உறிஞ்சுவாயே, அதை நினைத்துக்கொள். வெளியே கெட்டியான குழாய், நுனியில் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக, உள்ளே மஜ்ஜை. அவன் கையும் அதே அமைப்புதான். முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் உறையும், அப்புறம் மெத்தென்ற ஒரு முடிச்சு, அது இறுகி எலும்பாகும். கட்டுப் பிரித்ததும் அங்கே புடைப்பாகத் தெரிந்தால் பயப்படாதே. வளரும் பிள்ளைக்கு உடம்பே அதைச் செதுக்கிச் சமப்படுத்திவிடும். கொஞ்சம் வளைவு இருந்தாலும் நிமிர்த்திக்கொள்ளும்.

மாவுக்கட்டை நனைக்காதே. அரிக்கிறது என்று உள்ளே ஸ்கேலை விடப் பார்ப்பான், விடாதே. விரல் நீலம் பூத்தாலோ மரத்தாலோ ராத்திரி என்று பார்க்காமல் உடனே கூட்டிக்கொண்டு ஓடு.

அடுத்த படம் எடுத்ததும் எனக்கு அனுப்பு. வட்டம் போடாமல் அனுப்பு.

அம்மா