கிஷித் தீவுத் தச்சர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்புக்குரிய தச்சர்களுக்கு,

பழைய மரக் கட்டடங்களைப் பேணும் வேலையில் இருக்கும் நாங்கள், ரஷ்யாவின் ஒனேகா ஏரியிலுள்ள கிஷித் தீவில் நிற்கும் மறுரூப ஆலயத்தைக் காத்த உங்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

1714-இல் எழுந்த ஆர்த்தடாக்ஸ் ஆலயம் அது. 22 குவிமாடங்கள், 37 மீட்டர் உயரம். பைன் உருட்டுக்கட்டைகளை மூலைக்கு மூலை வெட்டிப் பூட்டி, எண்கோணத்தின் மேல் எண்கோணமாக மூன்று அடுக்கு ஏற்றியிருக்கிறார்கள். சுவரைப் பிடித்து நிறுத்த ஆணி இல்லை. கணப்பு இல்லாத கோடைக்கால ஆலயம் என்பதால் உள்ளே ஈரம் உலர வழி குறைவு. மூலைப் பூட்டில் நின்ற நீர் கட்டையின் வெட்டு முகம் வழியே உள்ளே இறங்கும். மேலே வைரமாகத் தெரிகிற கட்டை நடுவில் இற்றுப்போயிருக்கும்.

1980களில் ஆலயத்தைத் தாங்க உள்ளே எஃகுச் சட்டம் நிறுத்தியவர்களுக்கும் எங்கள் நன்றி. ஈரத்துக்கு ஏற்ப மரம் உப்பும், சுருங்கும். எஃகு அப்படி இசையாது. ஆகவே அது நிரந்தரத் தீர்வாக இருக்க முடியாது. ஆனால் அந்தச் சட்டம் இல்லாமல் போயிருந்தால் பிற்பாடு நீங்கள் எதில் கட்டித் தூக்கியிருப்பீர்கள்?

முழுவதையும் பிரித்துப் புதிதாக அடுக்குவது எளிது. நீங்கள் அதைச் செய்யவில்லை. சுவரைக் கீழிருந்து மேலாக ஏழு கிடைமட்டப் பட்டைகளாகப் பகுத்து, மேல் பாரத்தை ஜாக்கியால் சட்டத்தில் ஏற்றிவிட்டு, அடிப்பட்டையை முதலில் உருவினீர்கள். அந்த இடைவெளியில் அடித்தளத்தையும் பலப்படுத்தினீர்கள். ஒவ்வொரு கட்டையையும் பட்டறையில் சோதித்து, இற்ற பகுதியை மட்டும் செதுக்கி, அதே அளவுக்குப் பைன் துண்டு பதித்தீர்கள். தாங்காத கட்டைக்கு மட்டுமே புதுக் கட்டை. பட்டறையிலேயே ஒருமுறை அடுக்கிப் பார்த்த பிறகுதான் சுவருக்குத் திரும்பக் கொண்டுபோனீர்கள். பூட்டு இம்மி பிசகினாலும் மேலே வரும் பட்டை உட்காராது என்பதால் இந்த ஒத்திகை அவசியம். அவசரப்படுகிறவர்கள் முதலில் கைவிடுவதும் இதைத்தான்.

குவிமாடங்களுக்குச் சுமார் 30,000 ஆஸ்பென் மரச்சில்லுகளைச் செதுக்கிய கைகளுக்குத் தனி நன்றி. பல் வெட்டிய நுனியில் நீர் சொட்டிவிடும். அதையும் மீறிக் கசிவதைக் கீழே இருக்கும் உள்கூரை வாங்கி வெளியே தள்ளும். சில்லு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், உள்கூரையின் நீர்வழி அடைத்தால் சுவர்தான் முதலில் அழுகும்.

102 திருவோவியங்களைக் கழற்றி, பத்திரப்படுத்தி, மீண்டும் தங்கள் இடத்திலேயே பொருத்திய ஓவியப் பராமரிப்பாளர்களையும் வணங்குகிறோம்.

அன்புடன்,
மரவேலை நண்பர்கள்